திரும்பும் படகிலிருந்து தொடங்குங்கள்: கப்பல் நிற்கும் ஒரு பகலில் நயினாதீவு

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியபோது, அதன் பயணத் திட்டத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற மூன்று துறைமுகங்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையைப் பார்த்தவுடன் என் அம்மாவின் மனம் அந்தக் குடாநாட்டை ஒட்டிய நயினாதீவுக்குப் போய்விட்டது. அங்கே கோயில் கொண்டிருக்கும் நாகபூஷணி அம்மனை ஒருமுறையாவது தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கப்பல் நிறுவனங்கள் கரையில் நடத்தும் சுற்றுலாக்கள் பெரும்பாலும் நகரத்தையும் பெரிய கோயில்களையும் பேருந்தில் காட்டிவிட்டுத் திரும்புபவை. தீவுக்குப் போக வேண்டுமென்றால் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்படி அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு, இதே கோடைப் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்கள் பலரும் கேட்பதால், நாங்கள் எப்படித் திட்டமிட்டோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

தனியாகப் போவதற்கும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு செலவு அன்று. கப்பல் நடத்தும் சுற்றுலாவின் பேருந்து வழியில் தாமதமானால் அதில் வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தை மறந்துவிட்டு, எல்லாரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் எது என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக இருக்கும். நம்முடைய கணக்கு முழுவதும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். எந்தத் தீவு அழகானது, எது புகழ்பெற்றது என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு தீவைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கிருந்து திரும்பிவரும் படகைப் பற்றி முதலில் விசாரியுங்கள் என்பதே நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது.

கடிகாரத்தைப் பொறுத்தவரை இலங்கைப் பயணத்தில் நமக்கு ஒரு நிம்மதி உண்டு. 2006 ஏப்ரல் முதல் இலங்கையின் நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. சிங்கப்பூர்ப் பக்கம் கப்பலில் போகிறவர்கள் கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை.

கணக்கை மட்டும் பார்த்தால் திருகோணமலையில் இறங்கிப் புறாத்தீவுக்குப் போவதுதான் எளிது. நகரத்துக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரை வரை வண்டியில் போய், அங்கே வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டை வாங்கிக்கொண்டு படகில் ஏறினால், சிறிது நேரத்தில் தீவுக்குப் போய்விடலாம். அது கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பவளப்பாறைகளுக்கு நடுவே முகமூடி அணிந்து நீந்த விரும்பும் இளையவர்களுக்கு அதைவிட நல்ல இடத்தைச் சொல்லத் தெரியவில்லை. மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பதால் கோடைக் கப்பல்களின் காலத்துக்கும் அது பொருந்துகிறது. ஆனால் மணற்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் படகில் ஏற வேண்டும். மூட்டு வலியுள்ள அம்மாவுக்கு அது சரிப்படாது. நாங்கள் திருகோணமலையில் கோணேசுவரம் சிவன் கோயிலோடு நிறுத்திக்கொண்டு, தீவுப் பயணத்தைக் காங்கேசன்துறையில் நிற்கும் நாளுக்கு ஒதுக்கினோம்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நகரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நகரத்தைக் கடந்து, பண்ணைப் பாலத்தில் ஏறி, வேலணைத் தீவின் வழியாகப் புங்குடுதீவை அடைந்தால், அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கிறது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு வரும். தொலைவைப் பார்த்து ஒரு மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்து நெரிசலையும் தீவுச் சாலைகளின் குறுகலையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகிவிடும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு இருபது நிமிடத்துக்குள் போய்விடும் என்றாலும், ஆள் சேரும்வரை காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தீவில் இரண்டு மணி நேரமாவது இல்லாமல் தரிசனமும் சாப்பாடும் முடியாது. ஆக, துறைமுக வாயிலிலிருந்து புறப்பட்டு அதே வாயிலுக்குத் திரும்ப ஆறரை மணி நேரம், வயதானவர்கள் உடன் இருந்தால் ஏழு மணி நேரம் வேண்டும். அதன்மேல் தாமதத்துக்கு ஈடாக இரண்டு மணி நேரம் வைத்தால் ஒன்பது. குடிவரவுச் சோதனை முடிந்து நாம் வெளியே வரும் நேரத்துக்கும் கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கும் இடையே ஒன்பது மணி நேரம் இருந்தால் நயினாதீவுக்குத் துணிந்து போகலாம். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்படும் கப்பலில் போகிறவர்கள் போகக் கூடாது. ஒன்பது மணிக்கு வெளியே வந்து நான்கு மணிக்குள் ஏறுவதென்றால் கையில் ஏழு மணி நேரந்தான் இருக்கும். ஒரு படகு தவறினால் எல்லாம் தவறிவிடும்.

அப்படிக் குறைந்த நேரமே நிற்கும் கப்பலில் வருகிறவர்கள் தீவு ஆசையை முழுவதுமாக விட்டுவிட வேண்டியதில்லை. காரைநகரும் ஒரு தீவுதான். பொன்னாலைப் பாலம் அதைக் குடாநாட்டோடு இணைத்திருப்பதால் வண்டியிலேயே போய்விடலாம். ஈழத்துச் சிதம்பரம் என்று அங்குள்ளவர்கள் போற்றும் சிவன் கோயிலும், ஆழம் குறைந்த கசூரினாக் கடற்கரையும் அங்கே உண்டு. படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத தீவு என்பதே கப்பல் பயணிக்கு அதன் பெரிய சிறப்பு. நெடுந்தீவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். காட்டுக் குதிரைகளும் பவளக்கல் மதில்களும் உள்ள அந்தத் தீவு மிக அழகானது. ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம், அதுவும் நாளுக்குச் சில தடவைகள் மட்டுமே. கப்பல் நிற்கும் பகலில் அதை நினைக்கவே வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் படகில் வந்து, யாழ்ப்பாணத்தில் இரவு தங்கி, நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.

வண்டியைச் சென்னையிலிருந்தே பேசி முடித்துவிடுவது நல்லது. எங்கள் தெருவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வழியாக ஒரு வேன் ஓட்டுநரின் தொடர்பு கிடைத்தது. தொலைபேசியில் அவரிடம் நான் முதலில் கேட்டது வாடகையை அன்று, காற்றைப் பற்றித்தான். ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே சோளகக் காற்று வீசும் என்பதும், பகல் ஏற ஏற அது வலுக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. "காத்து எழும்பினா போட் சுணங்கும் அக்கா. காலமையே போயிட்டு, மத்தியானச் சாப்பாட்டோட திரும்பி வாங்கோ. பின்னேரம் வரைக்கும் அங்க நிக்காதேங்கோ" என்றார். அவருடைய அந்த ஒரு சொல்லை வைத்தே எங்கள் நேரத்தை அமைத்தோம்: போகும் வழியில் எங்கும் நிற்பதில்லை, நல்லூர்க் கந்தனைக்கூட வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போவது, பார்க்க வேண்டிய மற்றவை எல்லாம் திரும்பும் வழியில்.

நாள் பார்ப்பதும் காற்றுப் பார்ப்பதைப் போலவே முக்கியம். நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழா ஆனி மாதத்தில் பதினாறு நாட்கள் நடக்கிறது. நம் கோடைக் கப்பல்களின் காலமும் அதுவே. அம்மனைத் திருவிழாவில் காண்பது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேர் நாளன்று குறிகட்டுவானில் திரண்டிருக்கும் கூட்டத்தில் திரும்பும் படகுக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தீவிலேயே உள்ள நாக விகாரை என்ற பௌத்தக் கோயிலுக்குத் தென்னிலங்கையிலிருந்து பௌத்த யாத்திரிகர்கள் பேருந்து பேருந்தாக வரும் நாட்களும் அப்படித்தான். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதால், கப்பல் வரும் நாள் பௌர்ணமியா என்று நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள்.

ஆவணங்களில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இந்தியர்களுக்கான மின்னணுப் பயண அனுமதி கப்பல் பயணிகளுக்கு எப்படிப் பொருந்தும், தனியாகக் கரையிறங்க அனுமதி உண்டா, கடவுச்சீட்டு அன்று நம் கையில் இருக்குமா அல்லது கப்பலிலேயே வைத்துக்கொள்வார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கப்பல் போய்விட்டாலும் காங்கேசன்துறையில் ஒருவர் வீடு திரும்ப வழி இருக்கிறது. பலாலி விமான நிலையம் துறைமுகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 2019-இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது முதல் சேவையே சென்னைக்குத்தான். அந்த வழி கடவுச்சீட்டுக் கையில் இருப்பவருக்கே திறக்கும். இலங்கை ரூபாயை எழும்பூரில் ஒரு நாணய மாற்றுக் கடையில் முன்பே மாற்றிக்கொண்டோம்; படகுக் கட்டணத்துக்கும் ஓட்டோவுக்கும் சிறு தாள்கள் வேண்டும்.

இனி அந்தப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். வேலணையைக் கடந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் சாலையின் இருபுறமும் கடல்தான். இடுப்பளவு ஆழங்கூட இல்லாத அந்தத் தண்ணீரில் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் ஆட்கள் நடந்தே போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிகட்டுவானில் படகின் விளிம்பிலிருந்து உள்தளத்துக்கு இரண்டு உயரமான படிகள் இறங்க வேண்டும். மேலே தாழ்வான கூரை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அம்மாவைப் பின்பக்கமாகத் திரும்பச் சொல்லி, ஏணியில் இறங்குவதைப் போல ஒவ்வொரு காலாக வைக்கச் செய்து, கீழே நின்ற படகுக்காரர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். "அம்மா, அவசரப்படாதேங்கோ, போட் எங்கயும் போகாது" என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகத்தில் இருந்த பயம் போயிற்று. முட்டி வலியுள்ளவர்களுக்கு இந்தப் படிகள்தான் இந்தப் பயணத்திலேயே கடினமான இடம்; அதைத் தெரிந்துகொண்டு, மற்றவர்கள் ஏறும்வரை காத்திருந்து, கடைசியாக ஏறுங்கள்.

நயினாதீவு சுமார் நான்கு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு. இறங்கிய இடத்திலிருந்து கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. 1620-இல் போர்த்துக்கீசியர் இடித்த கோயிலை 1788-இல் மீண்டும் கட்டினார்கள் என்பது வரலாறு. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு துண்டு எடுத்துக்கொள்வது நல்லது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவே என்று கருதுகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கையின் தொடர்ச்சியாக இங்கே மதிய அன்னதானத்துக்கு அமுதசுரபியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தரையில் அமர முடியாத அம்மாவுக்குத் தொண்டர் ஒருவர் தாமே ஒரு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்ததும் கடலோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் நாக விகாரை. நாக அரசர் இருவரின் பூசலைத் தீர்க்கப் புத்தர் வந்த இடம் என்று பௌத்தர்கள் வணங்குமிடம் அது. அம்மனுக்குச் சாத்திய பூவைக் கையில் வைத்துக்கொண்டே விகாரைக்குள் போன அம்மாவை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

கடைசியாக, ஈடாக வைக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றி. படகு தாமதிக்காவிட்டால் அந்த நேரம் நம் கையில் மிஞ்சும். அதைத் தீவிலோ யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவிலோ செலவிடாமல், நேரே துறைமுகத்தின் பக்கம் வந்துவிட வேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், நகுலேசுவரமும், கீரிமலைக் கேணியும் காங்கேசன்துறைக்குச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. காற்று மிகுந்து படகே போகாத நாளிலும் பகல் முழுவதையும் இந்த இடங்களில் நிறைவாகக் கழிக்கலாம். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. சித்தி மாற்றுப் புடவை கொண்டுவந்திருந்ததால் இறங்கிக் குளித்தார், அம்மா படியில் அமர்ந்து காலை நனைத்துக்கொண்டார். குளிக்க நினைப்பவர்கள் மாற்றுத்துணியையும் ஈரத்துணிக்கு ஒரு பையையும் காலையிலேயே வேனில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து துறைமுக வாயிலுக்கு வேனில் பத்து நிமிடமே ஆகிறது.