அரசு விளம்பரப் பட்டியலில் எங்கள் நாளிதழ்: ரசீதுதான் காப்பாற்றியது

எங்கள் மாவட்ட மாலை நாளிதழ் ஒருவழியாக மத்திய அரசின் விளம்பரப் பட்டியலில் ஏறிவிட்டது. முன்பு டி.ஏ.வி.பி. என்போமே, இப்போது மத்திய மக்கள் தொடர்பகம், அவர்களுடைய பேனல். ஆன்லைன் விண்ணப்பம் ஒரே மாலையில் முடிந்தது. பாடாய்ப் படுத்தியது அதற்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்.

பத்திரிகை தவறாமல் வருகிறது என்று காட்ட இதழ்களை அலுவலகங்களில் சேர்க்க வேண்டும். அதில் ஓரிடத்தில் கட்டு கட்டாக வாங்கிக்கொண்டார்கள், பெற்றுக்கொண்டதற்குச் சீல் மட்டும் போட மறுத்தார்கள். "வச்சுட்டுப் போங்க சார், எல்லாம் பதிவாயிடும்." பதிவாகவில்லை. நடுவில் பல இதழ்கள் வரவில்லை என்று பின்னால் கடிதம் வந்தது. நேரில் போனால் அந்த இருக்கையில் வேறொருவர். பழைய ரெஜிஸ்டர் எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. நாளிதழை நிறுத்தி நிறுத்தி நடத்துகிறோம் என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மழையிலும் அச்சடித்த இதழ் அது.

எங்கள் சர்குலேஷன் அண்ணன் அவர்களை நம்பாமல் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பிவந்திருக்கிறார். அந்த ரசீதுகளையும் அச்சக பில்களையும் தேதிவாரியாக ஒட்டி மேசையில் வைத்தோம். அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது. சீல் தராத இடத்துக்குத் தபாலிலேயே அனுப்புங்கள். ரசீது மை மங்கிவிடும், அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, எத்தனை பிரதி போகிறது என்பதற்கான ஆடிட்டர் சான்று. 25,000 பிரதி வரை சிறிய இதழ், 75,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. எங்களுக்கு வந்த சர்குலேஷன் சான்றில் யு.டி.ஐ.என்., அதாவது ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி அடையாள எண், இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்தே அது கட்டாயம். போட்டுத்தரச் சொன்னால் இன்னொரு கட்டணம் கேட்டார் அந்த ஆடிட்டர். விடாமல் உட்கார்ந்து வாங்கிவந்தோம்.

பிரதி எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டால் ரேட் கூடும் என்று ஆலோசனை சொல்ல ஊரில் ஆட்கள் உண்டு. கேட்காதீர்கள். நியூஸ்பிரின்ட் பில்லும் அச்சக பில்லும் அந்த எண்ணோடு ஒத்துப்போகாது. உண்மையாக நடத்துகிற சின்னப் பத்திரிகைக்காரர்களையும் சேர்த்துச் சந்தேகப்பட வைப்பது இந்தப் பொய்க் கணக்குதான்.

2025 நவம்பரில் மத்திய அரசு அச்சு விளம்பர ரேட்டை 26 சதவீதம் உயர்த்தியது. லட்சம் பிரதி விற்கிற நாளிதழுக்குக் கறுப்பு வெள்ளையில் சதுர செ.மீ.க்கு ரூ.47.40 ஆக இருந்தது ரூ.59.68 ஆனது. எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடக் குறைவுதான். ஆனாலும் ஒன்றியக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்து எழுத எங்கள் நிருபரை விட்டால் ஆளில்லை. அவர் சம்பளத்துக்கு இந்தப் பணம் வேண்டும்.

உள்ளாட்சி டெண்டர் விளம்பரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஓரிடத்தில் அவசரம் என்று போனில் சொன்னார்கள், மறுநாளே போட்டோம். பில்லைக் கொண்டுபோனால், சொன்ன அதிகாரி மாறுதலாகிவிட்டார், கோப்பில் உத்தரவு இல்லை என்கிறார்கள். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. ஆர்.ஓ., அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் எழுத்து உத்தரவு, கைக்கு வராமல் யார் சொன்னாலும் அச்சேற்றாதீர்கள்.

பேனலில் வந்த முதல் விளம்பரத்துக்குப் பில்லோடு இதழையும் சேர்த்து அனுப்பினோம். தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. நிருபர்களின் பெட்ரோல் பாக்கியை அன்றே கொடுத்துவிட்டோம்.