இரண்டு சுவருக்கு உள்ளே: கீவ் நகரில் ஐந்து நாட்கள்

உக்ரைனுக்கு விமானம் கிடையாது. 2022 பிப்ரவரி 24 அன்று மூடிய வான்வெளி இன்னும் மூடியே இருக்கிறது. அதனால் கீவ் போவதற்குப் போலந்தின் எல்லை ஊரான ப்ஷெமிஷ்லில் இரவு ரயில் ஏறினோம், நானும் என்னோடு கிராக்கோவில் வேலை பார்க்கும் உக்ரைன் தோழியும். 2025 அக்டோபர் கடைசி. போலந்துத் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர், உக்ரைனுடையது 1520. அந்த அகலப் பாதை இந்த ஊர் வரைக்கும் நீள்வதால்தான் உக்ரைன் ரயில் இங்கே வந்து நிற்க முடிகிறது.

பாஸ்போர்ட் வரிசையில் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். 23 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள், சில விலக்குகள் தவிர, நாட்டை விட்டு வெளியே வர முடியாது. கணவரைப் பார்க்கப் போகிறவர்கள், மகனைப் பார்க்கப் போகிறவர்கள் என்று தோழி ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்து எனக்குச் சொன்னாள். எங்கள் பெட்டியின் பொறுப்பாளரான பெண்மணி, உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் சூடாக டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் திரையை இறக்கிவிட்டுப் போனார்.

இந்தப் போரை நான் வரைபடத்தில் பார்த்துப் பழகியவள். என் சித்தப்பா மகன் அப்போது கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். போர் தொடங்கியதும் மெட்ரோ நிலையத்தில் படுத்துக் கிடந்து, எப்படியோ மேற்கு எல்லையைத் தாண்டி, இந்திய அரசு மீட்புக்காக அனுப்பிய ஆபரேஷன் கங்கா விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தான். அந்த நாட்களில் நிமிடத்துக்கு ஒரு தடவை வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் வந்தது. அவன் வந்த பிறகும் அது போகவில்லை. வாஷிங்டனில் இருக்கும் போர் ஆய்வு நிறுவனத்தின் தினசரி அறிக்கை, சண்டை எங்கே நடக்கிறது என்று காட்டும், உக்ரைன்காரர்களே நடத்தும் டீப்ஸ்டேட் வரைபடம், கார்னகி அறக்கட்டளையின் போர் ஆய்வாளர் மைக்கேல் காஃப்மன் பேச்சுகள் என்று தினமும் காலையில் அரை மணி நேரம் இதற்குத்தான் போகும். இது ஒரு தேய்மானப் போர் என்பதும், ஆளும் வெடிமருந்தும் எந்தப் பக்கம் முதலில் தீரும் என்பதுதான் கேள்வி என்பதும் எனக்குப் பாடமாகியிருந்தது. ஆனால் அந்த வரைபடத்தில் கீவ் ஒரு புள்ளி. கிழக்கே சண்டை நடக்கும் கோட்டில் இருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, எந்த நிறமும் பூசாமல் இருக்கும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும்.

தோழியின் அம்மா வீடு, நீப்பர் ஆற்றின் இடது கரையில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் ஏறியதும் மூலையில் ஒரு அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், டார்ச், ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒரு அட்டை. கரண்ட் போய் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அவர்களுக்காகக் குடியிருப்பவர்கள் வைத்திருப்பது. 2022 அக்டோபர் 10 அன்று ரஷ்யா மின்கட்டமைப்பைக் குறிவைத்து அடிக்கத் தொடங்கிய குளிர்காலத்தில் ஆரம்பித்த பழக்கமாம். நான் போவதற்கு இரண்டு வாரம் முன்னால், 2025இல் அதே அக்டோபர் 10 அன்று, மறுபடியும் பெரிய தாக்குதல். இடது கரை முழுக்க இருண்டு, குழாயில் தண்ணீரும் நின்றுபோயிருக்கிறது.

வீட்டுக்குள் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப். வாசல் பக்கத்தில் ஆவணங்களும் மாற்றுத் துணியும் வைத்த பை. நடையில் தரையோடு ஒரு மெத்தை. 'இரண்டு சுவர் விதி' என்கிறார்கள். உனக்கும் வெளிக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சுவர் கண்ணாடிச் சில்லையும் இரும்புத் துண்டையும் தடுக்கும். இந்த வீட்டில் அதற்குத் தோதான ஒரே இடம் அந்த நடைதான்.

முதல் இரவே சைரன் ஒலித்தது. மணி ஒன்றே முக்கால். நான் எழுந்து ஷூவைத் தேடினேன். தோழியின் அம்மா அசையாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொபெட்," என்றார். ஷஹீத் ட்ரோனை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், சத்தம் அப்படி. ஈரான் வடிவமைத்தது, இப்போது ரஷ்யாவிலேயே யெலாபுகாவில் ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம்தான். டெலிகிராம் சேனல்களில் எத்தனை, எந்த ஊரைத் தாண்டி எந்தத் திசையில் வருகின்றன என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது. செர்னிஹிவ் பக்கம் இருக்கிறது, இங்கே வர அரை மணிக்கு மேல் ஆகும், வந்தாலும் எல்லாம் உண்மையான ட்ரோனாக இருக்காது, பாதி ஏமாற்று ட்ரோன்கள் என்று தோழி வழியாக எனக்கு விளக்கினார். வான்பாதுகாப்பை வீணடிக்க வெறும் நுரைப்பொருளில் செய்து அனுப்புகிறார்களே, அவற்றைச் சொல்கிறார். இதையேதான் நான் நிபுணர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். ஒரு ஷஹீத் சில பத்தாயிரம் டாலர், வானிலேயே இடைமறித்து அடிக்கும் ஒரு பேட்ரியாட் ஏவுகணை ஏறக்குறைய 40 லட்சம் டாலர், அதனால்தான் ட்ரோனை இயந்திரத் துப்பாக்கியாலும் மலிவான இடைமறிப்பு ட்ரோனாலும் அடிக்கிறார்கள் என்று. அம்மா அந்தக் கணக்கை இன்னும் எத்தனை நிமிடம் தூங்கலாம் என்று போட்டு வைத்திருக்கிறார்.

அப்புறம் அவர் முகம் மாறியது. "பலிஸ்டிகா!" ஒரே சொல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என்னைக் கையைப் பிடித்து நடைக்குள் இழுத்துவிட்டார். பலிஸ்டிக் ஏவுகணை வருகிறது என்று அர்த்தம். ரஷ்யாவின் இஸ்கந்தர் மாதிரி ஏவுகணை வந்து விழச் சில நிமிடம்தான், யோசிக்க நேரம் இல்லை. மூன்று பேரும் மெத்தையில் முதுகைச் சுவரில் அழுத்தி உட்கார்ந்தோம். முதல் சத்தம் காதில் விழுவதற்கு முன் சுவர் வழியாக முதுகில் தெரிந்தது. இரண்டாவது கொஞ்சம் கிட்டே. சமையலறையில் தட்டுகள் கலகலவென்று ஆடி நின்றன. அம்மா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவர் கையை விடவே இல்லை.

ஐந்து மணி வாக்கில் 'விட்பிய்', அபாயம் நீங்கியது என்ற செய்தி. ஏழு மணிக்கு ஜெனரேட்டர் போட்டுக் காபிக் கடை திறந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம், தினமும் உண்டு. டிராம் நிறுத்தத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் காதில் இருந்து இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஆறாவது மாடியில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் போரைப் பற்றிக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவரே மேலே வந்துவிட்டார். சமையலறை மேஜையில் காகிதம் விரித்துப் படம் போட்டு விளக்கினார். அனல்மின் நிலையத்தை மட்டும் அடிக்கவில்லை, அதைவிடத் துணைமின் நிலையத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை அடிக்கிறார்கள். அது கடையில் கிடைக்கும் பொருள் இல்லை, செய்து வர ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். ஐரோப்பாவிலேயே பெரிதான ஸபோரிஷியா அணுமின் நிலையத்தை 2022 மார்ச்சிலேயே ரஷ்யா பிடித்துக்கொண்டது. மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். கீவ் மாதிரி ஊரில் வீடுகளைச் சூடாக வைக்கும் வெந்நீரும் பெரிய மையங்களில் இருந்து குழாயில் வருகிறது. மைனஸ் குளிரில் அது நின்றால் குழாய் உறைந்து வெடிக்கும்.

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது ஒன்று. சோவியத் காலத்தில் இருந்து ரஷ்யக் கட்டமைப்போடு சேர்ந்திருந்த உக்ரைன் மின்சாரத்தைச் சோதனைக்காகத் தனியே பிரித்து ஓட்டிப் பார்க்க முன்பே நாள் குறித்திருந்தார்கள். மூன்று நாள் சோதனை. பிரித்தது 2022 பிப்ரவரி 24 அதிகாலை, படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால். திரும்பச் சேரவே இல்லை. மூன்று வாரம் தனியாக ஓட்டி, மார்ச் 16 அன்று ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைந்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்திருக்கிறார்கள்! இதைச் சொன்னபோது பெரியவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் புச்சா போனோம், கீவுக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குள். 2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யக் கவச வண்டிகள் வந்து அழிந்த வோக்ஸால்னா தெருவில் இப்போது ஒரே மாதிரி புது வீடுகள், வேலி, ரோஜாச் செடி. யப்லூன்ஸ்கா தெருவில் நாங்கள் மெதுவாக நடந்தோம். ரஷ்யப் படை சுட்டுக் கொன்ற ஊர்க்காரர்களின் உடல்கள் வாரக்கணக்கில் அப்படியே கிடந்த தெரு அது. ரஷ்யப் படை போன பிறகு ஊரில் 400க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. புனித அந்திரேயா தேவாலயத்தின் பின்னால், கூட்டமாகப் புதைத்த இடத்தில் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் தோழி நின்று நின்று படித்தாள்.

கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்றுதான் அன்றைக்கு நிபுணர்களில் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ஏன் அப்படித் தவறினார்கள் என்று போர் ஆய்வாளர்களான எலியட் கோஹனும் பிலிப்ஸ் ஓ'பிரையனும் 2024இல் ஆராய்ந்து எழுதினார்கள். ரஷ்யப் படையைக் கூட்டியும் உக்ரைனைக் குறைத்தும் மதிப்பிட்டதுதான் காரணம் என்றார்கள். டாங்கிகளை எண்ணலாம். ஜன்னல் ஓரத்தில் நின்று, எந்தத் தெருவில் எத்தனை வண்டி போகிறது என்று போனில் அரசுக்குச் செய்தி அனுப்பியவர்களை யார் எண்ணுவது? அதற்கென்றே அரசு ஒரு சாட்பாட் வைத்திருந்தது. தோழியின் அம்மாவும் அனுப்பியிருக்கிறார். கேட்டபோது, "எல்லாரும் அனுப்பினோம்," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.

நான் இனிமேலும் காஃப்மனைக் கேட்பேன், வரைபடத்தையும் பார்ப்பேன். அவர்கள் இல்லாமல் எனக்கு எதுவுமே புரிந்திருக்காது. ஆனால் 2025 செப்டம்பர் 7 அன்று ஒரே இரவில் 810 ட்ரோன் என்ற செய்தியை நான் ஆபீஸ் போகும் டிராமில் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். அந்த இரவு அம்மா அந்த நடையில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். கோடு நகரவில்லை என்றால் போர் மந்தமாக இருக்கிறது என்று நானே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை இனி என்னால் சொல்ல முடியாது.

கிளம்பும் நாள் கரண்ட் போக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு அம்மா எங்களை அவசரப்படுத்தி, கூடவே லிஃப்டில் இறங்கினார். என் பையில் ஊறுகாய் ஜாடி ஒன்று ஏறியிருந்தது. மூன்றாவது மாடி தாண்டும்போது குனிந்து அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் பாட்டிலைக் காணவில்லை, பிஸ்கட்டும் பாதிதான் இருந்தது. "யாரோ மாட்டியிருக்கிறார்கள்," என்று மகளிடம் சொன்னார். தெருமுனைக் கடையில் எங்களை நிற்கவைத்துவிட்டு உள்ளே போனவர், ஒரு தண்ணீர் பாட்டிலோடும் பிஸ்கட் பாக்கெட்டோடும் வெளியே வந்து, அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களைக் கட்டிப்பிடித்தார்.