நீலக் கோட்டுக்குள் ஒரு சனிக்கிழமை

“அண்ணை, கார் நீலக் கோட்டுக்குள்ளையோ நிக்குது? நேரம் முடியப்போகுது, போய் எடுங்கோ” என்று தமிழ்க்கடைத் தம்பி சொன்னபோது, நான் முருங்கைக்காயைக்கூடத் தெரிந்தெடுத்து முடித்திருக்கவில்லை. வாங்க வந்தவரை வெளியே அனுப்பும் கடைக்காரரை ஊரில் நான் கண்டதேயில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றவரையும் உள்ளே கூப்பிட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, ஊர்ப் புதினமெல்லாம் விசாரித்த பிறகே விலையைச் சொல்வார்கள். சைக்கிளோ வெளியே சுவரில் சாய்ந்தபடி கடை பூட்டும்வரை நிற்கும்.

சுவிற்சர்லாந்தில் நீல வலயத்தில் வாகனத்தை நிறுத்தக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால், சனிக்கிழமை உட்பட வேலை நாட்களின் பகலில் ஒரு மணித்தியாலந்தான் நிற்கலாம். வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டையை முன்கண்ணாடிக்குள் வைக்கவும் வேண்டும். அட்டையை அடுத்து வரும் அரை மணிக்குத் திருப்பி வைப்பதே விதி என்பதால், 10.05க்கு வந்தவர் 10.30 என்று வைத்து 11.30 வரை நிற்கலாம். நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கும் இந்த நாடு இருபத்தைந்து நிமிடத்தைக் கேளாமலே கொடுப்பது எனக்கு இன்றும் புதினந்தான். அதற்கு மேல் பிந்தினால் இரண்டு மணித்தியாலம் வரைக்கும் 40 பிராங்க் தண்டம். காரை எடுக்காமல் அட்டையை மட்டும் திருப்பிவிடுவதும் குற்றம்.

இந்தக் கோடு கடைக்காரருக்காகவே போடப்பட்டது என்பது அந்தத் தம்பியின் வாதம். முன்பெல்லாம் காலையில் காரை அவருடைய வாசலில் விட்டுவிட்டு ரயில் ஏறி வேலைக்குப் போனவர்கள் பின்னேரந்தான் திரும்பி வருவார்களாம். அரிசி மூட்டை வாங்க வந்தவர்கள் இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய தரிப்பிடம் உள்ள பேரங்காடிக்கே போய்விடுவார்களாம். வாதம் பழையதுதான். 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் முதல் தரிப்பிட மீற்றரை நட்டபோதும், வேலைக்கு வந்தவர்களின் கார்கள் நாள் முழுக்க நடுநகரை அடைத்துக்கொண்டதால் கடைகளுக்கு வருவோருக்கு இடமில்லை என்பதே முறைப்பாடு. காசு வாங்காமல் அட்டையைக் கொண்டு நேரத்தைப் பங்கிடும் நீல வலயத்தைப் பாரிஸ் 1957இல் தொடங்கியது.

நியாயத்தை நான் மறுக்கவில்லை. என் மனத்தாங்கல் வேறு. ஒரு மணித்தியாலம் என்பது பாணும் பாலும் வாங்குவோருக்கு அளந்த நேரம். தமிழ்க்கடையில் வெண்டைக்காய்க்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் மாமியின் முழங்கால் சத்திரசிகிச்சை, யாருடைய பிள்ளைக்கு எங்கே சம்பந்தம், அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவரிடம் எத்தனை கிலோ கொடுத்தனுப்பலாம் என்பவற்றை எந்த அட்டையில் வைத்துக் கணக்கிடுவது? ஆறுதலாக நிற்கும் வாடிக்கையாளர்தான் போகும்போது இன்னும் இரண்டு பொருளைத் தூக்குவார் என்பதையும் கோடு போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இருந்தும் இந்த ஒழுங்கு எனக்கு முற்றாகப் பழகிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவின் ஒஸ்டின் கார் நினைவுக்கு வந்துவிடும். போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அது மண்ணெண்ணெயில்தான் ஓடியது. இயங்கத் தொடங்க மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தத் துளிகளை மிச்சம்பிடிக்க, கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல், தன் வழக்கத்துக்கு மாறாக ஐந்தே நிமிடத்தில் சாமானை வாங்கிக்கொண்டு ஓடி வருவார். நேரக் கட்டுப்பாடு அங்கேயும் இருந்திருக்கிறது; தண்டம் எழுத ஆள்தான் இல்லை.

இப்போது நான் சனிக்கிழமைகளில் 11.30க்குப் பிறகே கடைக்குப் போகிறேன். மத்தியானச் சாப்பாட்டை மதிக்கும் நாடு என்பதால், 11.30க்கும் 13.30க்கும் இடையில் வந்து நிறுத்தும் கார் 14.30 வரை நிற்கலாம். தம்பிக்கும் இது தெரியும். அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டு வைக்கிறார்.