பண்டிகை நாளில் பெற்றோருடன் ஒரு வேளை உணவு

பண்டிகை நெருங்கும்போது, நான் செவிலியாகப் பணிபுரியும் மறதிநோய்ப் பராமரிப்பு இல்லத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுமந்து வரும்: அன்று ஒரு வேளையாவது அம்மாவையோ அப்பாவையோ வீட்டுக்கு அழைத்துச் சென்று எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட வைக்க முடியுமா என்று. அந்தக் கேள்வியில் உள்ள அன்பை நான் நன்கு அறிவேன். ஆயினும் இங்கே கண்டவற்றை வைத்து நான் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே. அவர்களை விருந்துக்கு அழைத்துப் போவதைவிட விருந்தை அவர்களிடம் கொண்டு வாருங்கள். அதையும் மதிய வேளையில், இரண்டு மூன்று பேராக வந்து சாப்பிடுங்கள்.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு மாலை நெருங்க நெருங்கக் குழப்பமும் பதற்றமும் கூடும். பலர் ஒரே நேரத்தில் பேசினால் எது தன்னிடம் சொல்லப்படுகிறது என்று பிரித்தறிய அவர்களால் இயலாது. பல ஆண்டுகள் வாழ்ந்த வீடே அன்னிய இடமாகத் தோன்றவும் கூடும். கூட்டம் நிறைந்த அறையில் தாய் ஒரு வாய்கூட உண்ணாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்குப் பசியில்லை என்று வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த இரைச்சலில் உண்பதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருக்கலாம்.

தட்டு கண்ணுக்குத் தெரிவதும் முக்கியம். டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோய் பார்வைப் புலனையும் பாதிப்பதால், வெள்ளைத் தட்டில் வைத்த வெளிர்நிற உணவு அவர்களுக்குப் புலப்படாமலே போகலாம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு அடர்சிவப்புத் தட்டும் குவளையும் கொடுத்தபோது, வெள்ளைப் பாத்திரங்களில் உண்டதைவிட உணவு 25 விழுக்காடும் நீர்மம் 84 விழுக்காடும் கூடுதலாக உட்கொள்ளப்பட்டன. பண்டிகைக்கென்று பூவேலைப்பாடுள்ள தட்டுகளை ஆசையோடு எடுத்து வருபவர்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுவேன். எல்லாப் பண்டங்களையும் ஒரே நேரத்தில் பரப்பாமல் ஒவ்வொன்றாக வைப்பதும், நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுப்பதும் அவசியம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று வருமுன்பே எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட, எதிரே அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். பிள்ளையின் கை வாய்க்குப் போவதைக் கண்டதும் தாயின் கையும் தானாக எழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் மேசையில் என்னை மிகவும் வருத்துவது உணவு தொடர்பானதன்று. ‘நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் வராதபோது கேட்டவரின் முகம் வாடும்; அந்த வாட்டத்தை, பெயரை மறந்தவர்கள்கூடக் கண்டுகொள்வார்கள். தாம் ஏதோ தவறிவிட்டோம் என்பது மட்டும் அவர்களுக்குப் புரிகிறது. ‘அம்மா, நான்தான் உங்கள் மூத்த மகள்’ என்று தானே சொல்லிவிட்டு அமர்பவர் அந்தத் துன்பத்தைத் தவிர்த்துவிடுகிறார். ஒருமுறை ஒரு முதியவர் தம் மகனைத் தம்பி என்றே எண்ணிப் பேசத் தொடங்கினார். மகன் திருத்தவில்லை. சிறுவயதில் அண்ணனும் தம்பியும் செய்த குறும்புகளைத் தந்தை சொல்லச் சொல்ல, மகன் அவற்றை முதன்முறையாகக் கேட்டுக்கொண்டே உண்டார். தந்தையும் வழக்கத்தைவிட நிறைவாகச் சாப்பிட்டார். மறைந்த மனைவியை எங்கே காணோம் என்று அவர் கேட்டிருந்தால் நிலைமை கடினமாகியிருக்கும். இறப்புச் செய்தியை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது ஒவ்வொரு முறையும் புதிய துக்கம் என்பதால், ‘அம்மாவை நினைத்துக்கொண்டீர்களா? அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பேச்சை அவரிடமே விட்டுவிடுவதுதான் கனிவானது என்பது என் எண்ணம்.

‘நாளைக்கு இது எதுவும் அவருக்கு நினைவிருக்காதே, பிறகு எதற்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமும் மகிழ்ச்சியும் தரும் படக்காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பார்த்த காட்சிகளை அவர்கள் விரைவிலேயே பெரிதும் மறந்துவிட்டனர். காட்சிகள் எழுப்பிய உணர்வோ அதன் பின்னும் நீடித்தது. மறதி மிகுந்தவர்களிடம் துயரம் இன்னும் நீண்ட நேரம் தங்கியது. இதை நான் மாலைப் பணியில் கண்கூடாகக் காண்கிறேன். அமைதியாக உண்டு முடித்த ஒருவர், யாருடன் உண்டார் என்று சொல்ல முடியாவிட்டாலும், மருந்தை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார், உடை மாற்ற இணங்குகிறார். மதியம் பலமுறை திருத்தப்பட்டவர் காரணம் தெரியாமலே கலங்கிக் கதவருகே நடந்துகொண்டிருக்கிறார். அந்த மாலையின் நிலையை நாங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்து, மறுநாள் குடும்பத்தாரிடம் சொல்கிறோம். அடுத்த பண்டிகைக்கு எந்த நேரத்தில், எத்தனை பேராக வருவது என்பதை அதைக் கொண்டே அவர்களோடு பேசித் தீர்மானிக்கிறோம்.