முதலில் தீயணைப்பு வீரர்களிடம் பேசுங்கள்

அமெரிக்காவில் மாநிலச் சுற்றுச்சூழல் துறைகளுக்கு நிலத்தடி நீர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இப்போதெல்லாம் வருகிற வேலையில் பாதிக்கு மேல் பிஃபாஸ்தான் (எளிதில் அழியாத, ஃப்ளூரின் கொண்ட வேதிப்பொருள்கள்), அதிலும் தீயணைப்பு நுரையால் வந்தது. துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாதிரி எடுக்க எங்கே துளை போடலாம் என்று வரைபடத்தோடு வருவார்கள். அந்த ஊரில் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. இந்த நுரை 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. 1967இல் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் தீப்பிடித்து 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ராணுவத் தளங்களிலும் விமான நிலையங்களிலும் இது பரவலானது. எரியும் பெட்ரோல்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து நொடிகளில் தீயை அணைத்துவிடும். உயிர்களைக் காப்பாற்றிய பொருள், அதை மறுக்க முடியாது. ஆனால் ஏதோ சோப்புத் தண்ணீர் மாதிரிதான் அதைப் பயன்படுத்தியவர்கள் பலரும் நினைத்தார்கள். பயிற்சிக் குழியில் எவ்வளவு கொட்டினார்கள் என்பதற்குப் பல இடங்களில் கணக்கே இல்லை. கோப்பில் அந்தக் குழி மட்டும் இருக்கும். வண்டியைக் கழுவிய இடம், குழாய் முனையைச் சோதித்துப் பார்த்த புல்வெளி, ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) பின்னால் ஓடும் வடிகால் எதுவும் இருக்காது. அதெல்லாம் அந்த மனிதர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

அவர்களிடம் பேசும்போது மரியாதையோடு பேச வேண்டும். வருடக்கணக்கில் அந்த நுரையில் நனைந்தவர்கள். அவர்கள் ரத்தத்திலும் பிஃபாஸ் இருக்கும்.

மிச்சிகனில் ஆஸ்கோடா என்று ஒரு சிற்றூர். பக்கத்திலிருந்த வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம் 1993இல் மூடப்பட்டது. 2010இல் அங்கே பிஃபாஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 2012இல் அந்தப் பகுதி மீனைச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. அங்கே ஏரிக்கரையில் ஒதுங்கும் நுரையைத் தொட வேண்டாம் என்று இன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் காத்திருக்கும் அந்த மக்களிடம் இன்னொரு ஆய்வறிக்கையைக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். 2016இல் மத்திய அரசு குடிநீருக்குச் சொன்ன அறிவுரை அளவு, பிஃபாஸ் வகைச் சேர்மங்களான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 70 நானோகிராம். 2024இல் வந்த கட்டாய வரம்பு ஒவ்வொன்றுக்கும் 4. அன்று 'பரவாயில்லை' என்று விட்ட கிணறுகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு இவ்வளவு சிறிதாகிவிட்டதால், மாதிரி எடுப்பவர் போட்டிருக்கும் மழைக்கோட்டும் டெஃப்லான் டேப்பும்கூடச் சந்தேகத்துக்குரியவை, அவற்றிலும் பிஃபாஸ் இருக்கலாம்.

மாநிலத் துறைகள் சரியாகப் பயன்படுத்தாத ஒன்று, சேர்மங்களின் விகிதம். 3எம்மின் பழைய நுரையில் பிஎஃப்ஓஎஸ் தூக்கலாக இருக்கும். மற்ற நிறுவனங்கள் வேறு செய்முறையில் செய்த டீலோமர் வகையில் வேறு சேர்மங்கள். விமான நிலையமும் ராணுவமும் ஒருவரையொருவர் கைகாட்டும்போது இந்த விகிதம் நல்ல சாட்சி. அதோடு, ஆய்வகங்கள் பயன்படுத்தும் '1633' என்ற மத்திய அரசின் சோதனை முறை 40 சேர்மங்களைத்தான் அளக்கும். பட்டியலில் இல்லாதவற்றில் பல பின்னாளில் சிதைந்து பட்டியலில் உள்ளவையாக மாறும். அதனால் மாதிரியை ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த மாற்றத்தை ஆய்வகத்திலேயே நடக்கவைத்து, இன்னொரு முறை அளக்கச் சொல்லி வற்புறுத்துவேன். செலவு கூடும்தான், ஆனால் மண்ணில் இன்னும் எவ்வளவு காத்திருக்கிறது என்று தெரியும்.

அப்புறம், இன்னும் கொட்டாத நுரை. 2024 ஆகஸ்டில் மெய்ன் மாநிலத்தின் பிரன்ஸ்விக்கில், பழைய கடற்படை விமானத் தளத்து ஹேங்கர் ஒன்றில், தீயே இல்லாமல் தெளிப்பான்கள் திறந்துகொண்டன. சுமார் 1,450 கேலன் நுரைக் கரைசல் 50,000 கேலன் தண்ணீரோடு கலந்து வெளியேறியது. இதே மாதிரி எத்தனை தொட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் ஒவ்வொரு மாநிலத்திடமும் இருக்க வேண்டும். சிறிய ஊர்களின் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களில் கேன்கள் மூலையில் கிடக்கும். அபராதம் வருமோ, அகற்றும் செலவு தலையில் விழுமோ என்ற பயத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். அபராதம் கிடையாது, செலவு மாநிலத்தினுடையது என்று எழுத்தில் கொடுங்கள். அவர்கள் சொன்னதும் தாமதிக்காமல் வண்டியை அனுப்பி எடுத்துவிடுங்கள்.