பிறந்த மறுநாளே இரண்டு வயது

2000ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2023ஆம் ஆண்டின் மே மாதத்தில் அவருடைய வயதைக் கேட்டிருந்தால் 24, 23, 22 என்ற மூன்று விடைகளையும் அவர் பொய்யின்றிச் சொல்லியிருக்கலாம். பிறக்கும்போதே ஒரு வயது என வைத்து, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்றைக் கூட்டும் மரபுக் கணக்கின்படி அவருக்கு 24. நடப்பாண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் 23. பிறந்தநாளை வைத்து எண்ணும் நிறைவயதின்படி 22. மரபுக் கணக்கில் அவர் பிறந்த மறுநாளே இரண்டு வயதை எட்டியவர்.

தாயின் கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கணக்கு ஏன் ஒன்றில் தொடங்குகிறது என்பதற்கு அது விடையாகலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் வயது ஏறுவதற்கு அது விடையாகாது. 'ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது' என்று நாம் சொல்வதை நினைத்துப் பார்த்தால் இம்முறை எளிதாகப் புரியும். கொரிய மரபு முடிந்ததை எண்ணாமல் நடப்பதை எண்ணுகிறது. அதுவும் ஒவ்வொருவரின் சொந்த ஆண்டாக அல்லாமல், எல்லோருக்கும் பொதுவான நாள்காட்டி ஆண்டாக. முன்பு 'சொல்லால்' (Seollal) எனப்படும் சந்திரப் புத்தாண்டில் வயது கூடியது. அன்று உண்ணும் தொக்குக் என்னும் அரிசிப் பணியாரச் சூப்பை ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடியதாக இன்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் ஜனவரி 1 அந்த இடத்தைப் பிடித்தது.

ஆக, இது உடலின் முதுமையை அளக்கும் கணக்கு என்பதைவிட, வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டும் கணக்கு என்றே நான் கருதுகிறேன். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் தமக்குள் தாராளமாக ஒருமையில் பேசிக்கொள்ளலாம். ஓராண்டு மூத்தவர் என்றால் அண்ணன், அக்கா என்ற முறைப்பெயரும் மரியாதை வினைமுடிவுகளும் வந்துவிடுகின்றன. புதிதாகச் சந்திப்பவரிடம் பிறந்த ஆண்டை விசாரிப்பது அங்கே அத்துமீறலாகக் கொள்ளப்படாததற்கு இதுவே காரணம், ஏனெனில் அது தெரியாமல் அடுத்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதே சிக்கலாகிவிடும். பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்குவதால், ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் முந்தைய ஆண்டில் பிறந்தவர்களோடு சேர்ந்து படித்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் வகுப்புத் தோழர்களுக்குத் தோழர்களாகவும், தங்கள் பிறப்பாண்டினருக்கு மூத்தவர்களா இல்லையா என்று தீராத வழக்காகவும் வாழ்ந்தார்கள். அந்தச் சேர்க்கை முறை பின்னர் நீக்கப்பட்டது.

ஜப்பான் 1950இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் மூலம் நிறைவயதுக்கு மாறியது. வடகொரியாவும் 1980களில் மாறிவிட்டது. தென்கொரியாவின் குடிமையியல் சட்டமும் 1960களிலிருந்தே நிறைவயதைத்தான் ஏற்றிருந்தது என்றாலும், மக்கள் வழக்கு மாறவில்லை. ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட '56 வயது' எந்தக் கணக்கிலானது என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. குழப்பத்தை நீக்குவதாகத் தேர்தலில் வாக்குறுதி அளித்த யூன் சுக் யோல் அதிபரானதும், 2022 டிசம்பர் 8 அன்று நாடாளுமன்றம் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. 2023 ஜூன் 28 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. 1960 டிசம்பரில் பிறந்த அதிபரே அன்று 64இலிருந்து 62க்கு இறங்கினார்.

ஆயினும் விலக்குகள் உள்ளன. தொடக்கப் பள்ளியில் சேர்வதும், கட்டாய இராணுவப் பணிக்கான உடற்தேர்வும், மது, புகையிலை வாங்கும் உரிமையும் இன்றும் பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடப்படுகின்றன. 19 வயதை எட்டும் ஆண்டின் ஜனவரி 1 பிறந்ததும், அவ்வாண்டில் டிசம்பரில் பிறந்தநாள் வருபவர்கூட மதுக்கடைக்குள் நுழையலாம். ஒரே வகுப்பில் இருப்பவர்களின் வயது பிறந்தநாளுக்கேற்ப வேறுபட்டால் ஒருவரையொருவர் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் சங்கடமாக இருந்தாலும் ஓரிரு வயது வித்தியாசத்தைக் கறாராகப் பார்க்கும் வழக்கமே மெல்ல மறையும் என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை: வயதைக் கேட்கும்போது எண்ணைச் சொல்லாமல் பிறந்த ஆண்டைச் சொல்லிவிட்டால், சட்டம் மாற்றிய கணக்குக்கு அங்கே வேலையே இருக்காது.