சிசிலியில் எதை, எந்த ஊரில், எந்த நேரத்தில் சாப்பிடுவது

இத்தாலியின் சிசிலித் தீவு முழுக்க ஒரே சமையல்தான் என்று நினைத்துக்கொண்டு, கண்ட இடத்தில் கண்டதை ஆர்டர் செய்துவிட்டு "பெரிதாக ஒன்றுமில்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. அங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு ஊர் உண்டு, ஒரு வேளை உண்டு, பலவற்றுக்கு ஒரு பருவமும் உண்டு. அதை அறிந்து போனால் கையேந்தி பவனிலேயே வயிறும் மனசும் நிறைந்துவிடும்.

தலைநகர் பலேர்மோவில் தொடங்குங்கள். பல்லரோ சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் கடைகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். புகழ்பெற்ற வுச்சிரியா சந்தை இப்போது பெரும்பாலும் மாலைக்கு மேல் கூட்டம் சேரும் இடம். காய்கறிச் சந்தை பார்க்க அங்கே போகாதீர்கள்.

பல்லரோவில் முதலில் கேட்க வேண்டியது பனெல்லே. கொண்டைக்கடலை மாவைக் கிண்டி, மெல்லியதாகப் பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரிப்பது. எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து துண்டுகளை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். குவித்து வைத்தது பத்தே நிமிடத்தில் தோல் மாதிரி இழுக்கும்.

வீட்டில் செய்யவும் எளிது, நம் கடலை மாவிலேயே வரும். சோடா கலந்த பஜ்ஜி மாவு பாக்கெட் மட்டும் வேண்டாம். மாவு 250 கிராம், தண்ணீர் 750 மில்லி, ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் உடையாது. மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் கை விடாமல் கிண்டுங்கள். பச்சை வாசனை போய், கூழ் பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வருவதுதான் பதம். அதற்கு முன்னே இறக்கினால் எண்ணெயில் கரைந்து பிரியும். இறக்கிய உடனே எண்ணெய் தடவிய தட்டில் 4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பிவிட வேண்டும். ஓரிரு நிமிடம் தாமதித்தாலும் இறுகி, பரப்ப வராது. நன்றாக ஆறியதும் வெட்டி, 180 டிகிரி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். கனமாக இருந்தால் உள்ளே கொழகொழப்பு நிற்கும். எண்ணெய் காயாமல் போட்டால் எண்ணெயைக் குடித்துவிடும்.

கத்தரிக்காயும் கரும்பும் அரேபியர் வழியாக இந்தத் தீவுக்கு வந்தவை. 831இல் பலேர்மோ அவர்கள் கைக்குப் போனது. புளிப்பும் இனிப்பும் கலந்த ருசியைக் கப்பொனாட்டா என்ற கத்தரிக்காய்ப் பண்டத்தில் இன்றும் பார்க்கலாம். ஒரு கிலோ கத்தரிக்காயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தனியாகப் பொரித்து எடுக்கிறார்கள். செலரித் தண்டைத் தனியாக வேகவைக்கிறார்கள். வெங்காயம், தக்காளி, பச்சை ஆலிவ், உப்பு கழுவிய கேப்பர் (உப்பில் ஊறிய பூமொட்டு) சேர்ந்து வதங்கியதும் 80 மில்லி வினிகரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்து ஊற்றி, நெடி அடங்கும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் கத்தரிக்காயைப் புரட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் அது கூட்டு, கப்பொனாட்டா அல்ல. சூடாகக் கொண்டு வந்து வைக்கும் உணவகத்தை நான் நம்ப மாட்டேன். ஒரு இரவு ஊறி, ஆறிய நிலையில் சாப்பிடுவதுதான் முறை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அரஞ்சீனாவில் கவனமாக இருக்க வேண்டும். குங்குமப்பூச் சோற்று உருண்டைக்குள் வெண்ணெய் வைத்தது என்று சொல்வதிலும் பெரும்பாலும் பன்றித் தொடைக்கறி இருக்கும். இன்னொன்று இறைச்சியும் பட்டாணியும். கீரை வைத்ததும் பல கடைகளில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். பலேர்மோவில் அது உருண்டை, கத்தானியாவில் கூம்பு.

மேற்கே திராப்பனியில் மீன் குஸ்குஸ். துனிசியா கடலுக்கு அந்தப் பக்கம்தான், அங்கிருந்து வந்த பழக்கம். ரவையில் தண்ணீர் தெளித்து விரல்களால் உருட்டி, மண் பாத்திரத்தில் ஆவியில் வைக்கிறார்கள். மேல் சட்டியும் கீழ்ச் சட்டியும் சேரும் இடத்தில் மாவுத் திரியை ஒட்டி அடைப்பார்கள். அந்த இடுக்கில் ஆவி போனால் ரவை வேகாமல் நறநறக்கும். வெந்ததும் மீன் சாறு ஊற்றி, கம்பளியால் மூடி வைப்பார்கள். அந்த ஊறல்தான் ருசி. பாக்கெட் குஸ்குஸைப் போட்டு விற்கும் இடங்களும் உண்டு. கையால் உருட்டியதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கிழக்கே கத்தானியாவில் காலை உணவே கிரானிட்டா, கிளறிக் கிளறி உறைய வைத்த ஐஸ். பாதாம், பிஸ்தா, மல்பெரி, காபி எனப் பல வகை. நல்ல கிரானிட்டா கரண்டியில் வழுவழுப்பாக வரும். பனிக்கட்டித் துகள் தனியாகவும் சர்க்கரைத் தண்ணீர் தனியாகவும் பிரிந்தால் சரியாகக் கிளறி உறைய வைக்கவில்லை என்று அர்த்தம். கூடவே தலையில் குடுமி வைத்த பிரியோஷ் பன். குடுமியைப் பிய்த்து முதலில் தோய்க்க வேண்டும். பிஸ்தா என்றால் எட்னா மலைச்சரிவிலுள்ள புரோந்தே ஊர்ப் பிஸ்தா; ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் அறுவடை. பளீரென்ற பச்சை நிறத்தில் எதையாவது விற்றால் அது சாயம். அரைத்த பிஸ்தா மங்கிய பச்சையாகத்தான் இருக்கும்.

தென்கிழக்கில் மோதிக்கா ஊர்ச் சாக்லேட்டை 40 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் அரைப்பதால் சர்க்கரை கரைவதில்லை. நறநறப்பு குறையல்ல, அதுதான் அடையாளம். 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பொரித்த மாவுக் கூட்டுக்குள் இனிப்பு ரிகோட்டா நிரப்பிய கன்னோலோவைச் சாப்பிட பலேர்மோவுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் பியானா தெலி அல்பனேசி வரை போய் வரலாம். செம்மறிப் பால் ரிகோட்டாவை (மென்மையான பாலாடைக்கட்டி) ஓர் இரவு வடியவிட்டு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை சேர்த்து, சல்லடையில் தேய்த்து எடுக்கிறார்கள். வடியாத ரிகோட்டா கூட்டை உடனே நமத்துப்போக வைக்கும். கூட்டு மாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சைவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடுகள் பசும்புல் மேயும் குளிர்காலம் முதல் வசந்தம் வரைதான் ரிகோட்டா உச்சத்தில் இருக்கும். கிரானிட்டாவுக்குக் கோடை, கன்னோலோவுக்கு மார்ச். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் மே மாதத் தொடக்கத்துக்கு டிக்கெட் போடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே நிரப்பி அடுக்கி வைத்த கன்னோலோவை மட்டும் எந்த மாதத்திலும் வாங்க வேண்டாம்.